பத்துப் பிள்ளைகள், ஒரே அறை: குழு டியூஷன் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினான்கு வருடமாக மாலை டியூஷன் நடத்துகிறேன். என்னிடம் படித்த பெண்கள் சிலர் கல்லூரி முடித்துவிட்டு இப்போது தாங்களே பேட்ச் தொடங்குகிறார்கள். சயான், மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் பக்கமிருந்தும் புதிதாகத் தொடங்குபவர்கள் வந்து விசாரிக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. 5 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு நன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். பத்துப் பேர் என்றால் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும்தானே?

போதாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரே பிள்ளை என்றால் அவள் முகம் உங்கள் முன்னால் இருக்கிறது. பென்சில் நின்ற இடத்தில் நீங்களும் நிற்பீர்கள். பத்துப் பேர் வந்ததும் நாம் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு ஏற்கெனவே ஆறு பீரியட் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஏழாவதாக ஒன்று அவர்களுக்குத் தேவையில்லை.

டியூஷனில் பிள்ளைகள்தான் பேச வேண்டும், எழுத வேண்டும், தப்பு செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் தொடர்ந்து பேசுவது மொத்தமாக இருபது நிமிஷத்தைத் தாண்டினால் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

ஒரு பேட்சுக்கு எட்டு முதல் பத்து. இரண்டு உதவியாளர் இருந்தாலும் பன்னிரண்டைத் தாண்டாதீர்கள். பத்து வரைக்கும் ஒவ்வொரு நோட்டையும் ஒரே வகுப்பில் இரண்டு முறை பார்த்துவிடலாம். பதினைந்து ஆனால் ஒரு முறைகூட முழுதாகப் பார்க்க முடியாது.

இடமும் ஒரு கணக்கு. பயிற்சி மையங்களுக்காக மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் என்கிறது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கான விதி அது, வீட்டு டியூஷனுக்கு இல்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்து கோலி (ஒற்றை அறை வீடு) பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். பீரோ, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் போக எட்டுப் பேர்தான் காலை மடக்கி நிம்மதியாக உட்கார முடியும். பிள்ளைகளுக்கு நடுவில் நீங்கள் நடக்க வழி இருக்க வேண்டும், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். நடக்க முடியாத அறையில் நீங்கள் போர்டு பக்கத்திலேயே நின்றுவிடுவீர்கள், பின்வரிசை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

முதல் நாள் என்ன செய்வது?

பாடம் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ரிப்போர்ட் கார்டு பார்த்தால் மார்க் தெரியும், ஆனால் எது வரும் எது வராது என்று தெரியாது. ஏழாம் வகுப்புப் பையன் கணக்கில் 52 வாங்கியிருப்பான், ஆனால் 408ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்று எழுதுவான். நடுவில் இருக்கும் பூஜ்யம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அவர்கள் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வேன், வாசித்ததைச் சொந்த வார்த்தையில் எந்த மொழியிலாவது சொல்லச் சொல்வேன். கடன் வாங்கிக் கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று, பின்னம் ஒன்று கொடுப்பேன். அப்புறம், "உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பிடித்த பையனுக்கு சராசரியை ரன்னில் சொல்லிக் கொடுக்க அது உதவும்.

ஒரு தடித்த நோட்டு வாங்கி, பிள்ளைக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, எதில் தடுக்கினான், எது வந்துவிட்டது. தினமும் ஒரு வரி போதும். இந்த நோட்டு என்னிடம் இல்லாமல் இருந்த முதல் இரண்டு வருடமும் நல்லாப் படிக்கிற பிள்ளையின் முன்னேற்றத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், மற்றவர்களைக் கவனிக்கவே இல்லை என்று பின்னால்தான் புரிந்தது.

ஒருத்தன் ஐந்தாவது, ஒருத்தி எட்டாவது. ஒருவருக்கு மகாராஷ்டிரா போர்டு, இன்னொருவருக்கு சி.பி.எஸ்.இ. எல்லாரையும் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

வகுப்பை வைத்துப் பிரிக்காதீர்கள். என்ன வரும், என்ன வராது என்பதை வைத்துப் பிரியுங்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, நம் மும்பையில்தான் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1990களில் இங்குள்ள குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் 'பால்சகி' என்று ஒரு ஏற்பாடு செய்தது. அந்தந்தப் பகுதியிலேயே வளர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்கள்தான் பால்சகிகள். பின்தங்கிய 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளை 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துக்கொண்டு போய், அடிப்படை வாசிப்பும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். மும்பையிலும் வடோதராவிலும் நடந்த இந்த வேலையை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2007இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். ரொம்பப் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்திருந்தது.

புதிதாகத் தொடங்குகிற பெண்கள் "எனக்கு பி.எட். இல்லையே" என்று தயங்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். பால்சகிகளுக்கு வருடத் தொடக்கத்தில் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம்தான். பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கினார்கள், அதுதான் வேலை செய்தது.

நடைமுறையில் நான் செய்வது: முதல் அரை மணி நேரம் அடிப்படை. வகுத்தல் வராத ஐந்தாம் வகுப்புப் பையனும் எட்டாம் வகுப்புப் பெண்ணும் ஒரே குழுவில் இருப்பார்கள். பெரிய பெண் கூச்சப்படுவாள், அது இயல்பு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஒரு மாசத்து வேலை, முடிச்சுட்டா அல்ஜீப்ரா உனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிடுவேன். சொன்ன மாதிரி முடித்தும் காட்ட வேண்டும். மீதி ஒரு மணி நேரம் அவரவர் வகுப்புப் பாடம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

வந்து உட்கார்ந்ததும் நோட்டைத் திறக்காமல் நேற்றுப் படித்ததிலிருந்து மூன்று கேள்விக்கு எழுத வேண்டும், பத்து நிமிஷம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேரும் நேரமும் இதில் போய்விடும், சத்தமும் அடங்கிவிடும். அப்புறம் அடிப்படைக் குழுக்கள். அடுத்து புதுப் பாடம், ஒரு குழுவுக்கு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு குழுவுக்கு நீங்கள் சொல்லும்போது மற்றக் குழுவின் கையில் வேலை இருக்க வேண்டும். வகுப்பு கலைந்துபோவது பெரும்பாலும் கைக்கு வேலை இல்லாத அந்த ஐந்து நிமிஷத்தில்தான். மீதி நேரம் அவர்கள் எழுதுவார்கள், நீங்கள் நடப்பீர்கள். போகும்போது வாசலில் ஆளுக்கு ஒரு கேள்வி.

முதல் மாதம் இதை நிமிஷக் கணக்கோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளே பார்த்து, "மிஸ், டைம் ஆச்சு" என்று ஞாபகப்படுத்துவார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது மிஸ்" என்கிறார்கள். டெஸ்ட் வைத்தால் ஒன்றும் வரவில்லை. ஏன்?

அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. "புரியலை" என்று ஒன்பது பேர் முன்னால் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? மிஸ் கஷ்டப்பட்டுச் சொன்னாங்களே என்ற மரியாதை வேறு. அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். புரிந்ததைக் கையால் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்ப உதவியது பழைய சிலேட்டு. ஆளுக்கொன்று. கேள்வியைச் சொல்வேன், எல்லாரும் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், "காட்டு" என்றதும் ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். ஒரே பார்வையில் யாருக்கு வந்தது, யார் பக்கத்து சிலேட்டைப் பார்த்தார்கள், எல்லாரும் எந்த இடத்தில் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பத்தில் ஆறு பேர் ஒரே தப்பைச் செய்தால் நீங்கள் சொன்ன விதத்தில்தான் கோளாறு, மறுபடி வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதற்குள் வேறு யாரையாவது கூப்பிடுகிறார்கள் அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, "தெரியாது" என்பது குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடி மௌனம் ஆரம்பத்தில் நமக்குத்தான் பெரிய சங்கடமாக இருக்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரை அப்புறம் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற ஒன்பது பேரும் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தப்பான விடை சொன்னால் என்ன செய்வது? திருத்தினால் முகம் வாடிவிடுகிறது.

தப்பு வந்தால் அன்றைக்குப் பாடம் நன்றாகப் போகப்போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். போன வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் போர்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். பின்னால் இரண்டு பேர் "தப்பு மிஸ்!" என்று கத்தினார்கள். நான் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு அவனிடம், "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றேன்.

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு."

"சரி. உன் தட்டுல அரை சப்பாத்தி இருக்கு. அம்மா இன்னும் கொஞ்சம் வைக்கிறாங்க. இப்ப அரையைவிடக் கூடுதலா, குறைச்சலா?"

"கூடத்தான்."

"அஞ்சுல ரெண்டு பங்கு, அது அரையைவிடக் கூடவா, குறைச்சலா?"

அவன் பேசவில்லை. அறை முழுக்க அமைதி. போர்டில் ஒரு நீளக் கட்டம் போட்டான், அதை ஐந்தாகப் பிரித்தான், இரண்டைக் கோடு போட்டு நிரப்பினான். விரலால் நடுவைத் தொட்டுப் பார்த்தான். மூன்றாவது கட்டத்தின் பாதியில் விரல் நின்றது. "குறைச்சல்..." என்றவன் திரும்பி, "மிஸ், கூட்டினா எப்படிக் குறையும்?" என்று கேட்டான். கத்திய இரண்டு பேரும் இப்போது யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விதி தெரியும், ஏன் என்று தெரியாது.

அப்புறம் ஒரு காகிதப் பட்டையை ஆறாக மடித்தோம். அரை என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, சேர்த்தால் ஆறில் ஐந்து. ஏன் கீழ் எண்ணைச் சமமாக்க வேண்டும் என்பதை அன்றைக்கு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. "தப்பு, எல்.சி.எம். எடு" என்று நான் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும், அடுத்த வாரம் மறுபடி 2/5 வந்திருக்கும்.

ஆகவே விடை சரியோ தப்போ, "எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்து அழித்துவிடுவார்கள். சிரிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சட்டமாக வைத்துவிடுங்கள். என் அறையில் இருக்கும் கண்டிப்பான சட்டம் அது ஒன்றுதான்.

ஒருத்தன் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறான். மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

புளியங்கொட்டை. வகுப்பு தொடங்கும்போது ஆளுக்கு மூன்று கொடுத்துவிடுங்கள். ஒரு முறை பதில் சொன்னால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தால் மற்றவர்கள் கொட்டை தீரும்வரை அவன் கேட்க மட்டும்தான் முடியும். முந்திக்கொள்பவன் எந்தக் கேள்விக்குச் செலவழிப்பது என்று யோசிக்கத் தொடங்குவான். சும்மா இருப்பவளுக்குத் தன் மூன்று கொட்டையும் அப்படியே இருப்பது கண்ணில் படும். அந்தப் பையனை மட்டம் தட்டாதீர்கள், ஆர்வம் நல்லதுதான். அவனுக்குக் கொஞ்சம் கடினமான கணக்கைத் தனியாகக் கொடுங்கள்.

வாயே திறக்காத பிள்ளை?

முதலில் பக்கத்தில் உள்ளவளிடம் மட்டும் சொல்லட்டும். கேள்வி கேட்டு, ஒரு நிமிஷம் தனியாக யோசிக்கவிட்டு, ஜோடிக்குள் பேசவிட்டு, அதற்கப்புறம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். ஃபிராங்க் லைமன் என்பவர் 1981இல் எழுதிய முறை இது, உலகம் முழுக்கப் பள்ளிகளில் செய்கிறார்கள். ஜோடியில் ஒருமுறை சொல்லிப் பார்த்த பதிலைச் சபையில் சொல்வது அவ்வளவு பயமாக இருக்காது.

என்னிடம் ஒரு பெண் நாலு மாதம் பேசவில்லை. நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஒருநாள் பவர் கட். இருட்டில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தோம், அவள் குரல் முதல் முறையாகக் கேட்டது, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னாள். முகம் தெரியாதபோது அவளுக்குப் பயமில்லை. அதற்கப்புறம் அவளைச் சுவர் ஓரமாக, யாரும் நேருக்கு நேர் பார்க்காத இடத்தில் உட்கார வைத்தேன். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

நன்றாகப் படிப்பவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைக்கலாமா? பெற்றோர் கோபித்துக்கொள்வார்களே?

வைக்கலாம், ஆனால் தினமும் அதே பிள்ளையை வைக்காதீர்கள். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது, இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஒரே விதி: அடுத்தவன் நோட்டில் பென்சில் படக் கூடாது. வாயால்தான் சொல்ல வேண்டும். பென்சில் பட்டால் விடை கை மாறிவிடும்.

பெரிய பாடத்தைத் துண்டு போட்டும் கொடுக்கலாம். அறிவியலில் மனித உடல் பாடம் என்றால் செரிமானம் இரண்டு பேர், சுவாசம் இரண்டு பேர், இரத்த ஓட்டம் இரண்டு பேர். அவரவர் பகுதியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளையின, கறுப்பின, மெக்சிகப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தபோது இதை உருவாக்கினார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருப்பதால் யாரையும் ஒதுக்க முடியாது. நம் சந்தில் தமிழ், மராத்தி, உருது பேசும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும்போது இதன் அருமை தெரிகிறது.

எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது?

பிள்ளைக்கு எந்த வார்த்தையில் புரிகிறதோ அதில் தொடங்குங்கள், பரிட்சையில் எழுதும் வார்த்தையில் முடியுங்கள். நம் பிள்ளைகள் வீட்டில் நெல்லைத் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் மராத்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று நாலு மொழியில் புழங்குகிறார்கள். 'பின்னம்' என்றால் பலருக்குத் தெரியாது, 'ஃபிராக்ஷன்' தெரியும். அதற்காக வருத்தப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழில் விளக்கி, சொல்லை ஆங்கிலத்தில் போர்டில் எழுதி, முழு வாக்கியமாக ஒருமுறை அவர்கள் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், எல்லாம் புரிந்த பிள்ளை தாளில் ஒன்றும் எழுதாமல் வருவாள்.

மராத்திக்கு அதிகமாகவே பயப்படுகிறோம். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிராவின் எல்லாப் பள்ளிகளிலும் அது கட்டாயப் பாடம், தப்பிக்க முடியாது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மராத்தியில் நம் 'ள' உண்டு. பக்கத்து வீட்டு இந்திக்காரப் பிள்ளைகள் தடுமாறும் அந்த எழுத்தை நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே சொல்கிறார்கள். அதை முதல் நாளே சொல்லி நிமிர வையுங்கள். தடுமாற்றம் வருவது ka, kha, ga, gha என்று நம் ஒரே 'க' நாலு வகையாக ஒலிக்கும் எழுத்துகளிலும், ஆண்பால், பெண்பாலோடு சேரும் மூன்றாவது பாலிலும்தான். நாற்காலி ஏன் பெண்பால் என்று கேட்பார்கள். விதி தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்தே பாலைப் பழக்குங்கள்.

ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. என்ன சொல்வது?

"எனக்கு இப்ப தெரியலை, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மழுப்பினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் ஒருமுறை ஒளிவிலகலைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்து, மறுநாள் வகுப்பைத் தொடங்கும்போதே "நேத்து நான் சொன்னது தப்பு" என்று திருத்தினேன். மரியாதை குறையவில்லை. டெஸ்டில் தப்பு செய்த பிள்ளைகள் அதற்கப்புறம் தாளை ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள்.

"டீச்சர், ஹோம்வொர்க்கை மட்டும் முடிச்சு விட்டுருங்க" என்று அம்மாக்கள் கேட்கிறார்களே?

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வரும் அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து டைரியில் புகார் வரக் கூடாது, அவ்வளவுதான். அவர்களிடம் வாதம் செய்யாதீர்கள். ஹோம்வொர்க்குக்குக் கடைசி இருபது நிமிஷம் ஒதுக்கி, முடியாததை எங்கே நின்றது என்று குறித்து அனுப்புங்கள். விடையைப் போர்டில் எழுதிப் பார்த்து எழுதவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை அம்மாவையோ ஆச்சியையோ வாசலில் நிறுத்தி, அந்தத் தடித்த நோட்டிலிருந்து ஒரு நல்ல விஷயம், ஒரு கவனிக்க வேண்டிய விஷயம் சொல்லுங்கள். நல்லதை முதலில் சொல்லுங்கள். புகார் மட்டும் சொன்னால் அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு அடி விழும்.

அடிக்கலாமா? பெற்றோரே "நாலு போடுங்க" என்கிறார்களே.

கூடாது. பள்ளியில் உடல் தண்டனையையும் மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டு டியூஷனிலும் அதே ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். அடி விழும் அறையில் எந்தப் பிள்ளையும் தப்பான விடையைத் தைரியமாகச் சொல்லாது, அதற்குமேல் அங்கே சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. சேட்டைக்காரனுக்கு டஸ்டரும் சிலேட்டு விநியோகமும் கொடுங்கள். பாதிச் சேட்டை அதிலேயே தீரும்.

கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். கடைசியாக ஒரே ஒரு பிள்ளை மிஞ்சினால் வாசலில் உட்காருங்கள். யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆணோ பெண்ணோ, எந்த ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

ஃபீஸ்?

சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். பாக்கியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு பேட்சை எப்படித் தயார் செய்வது?

மகாராஷ்டிரா போர்டில் கணக்கு இரண்டு தாள், அல்ஜீப்ரா 40 மார்க், ஜியோமெட்ரி 40 மார்க், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். மீதி 20 பள்ளியிலேயே போடும் அகமதிப்பீடு. அறிவியலும் அதே மாதிரி இரண்டு பாகம். அல்ஜீப்ராவில் சமன்பாடு, கூட்டுத்தொடரோடு ஜி.எஸ்.டி., பங்குகள் பற்றியும் ஒரு பாடம் உண்டு. அதற்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு பில் கொண்டுவரச் சொல்லுங்கள். மொபைல் ரீசார்ஜ் பில்லில் 18 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிய பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

கைடை வரிக்கு வரி மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் தயாரிப்பு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பகுதியைச் சிலர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். பரிட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை. அதனால் டிசம்பரிலிருந்தே வாரம் ஒரு தாள், கடிகாரம் வைத்து, மூடிய புத்தகத்தோடு. திருத்துவதைக் குழுவாகச் செய்யுங்கள், எங்கே மார்க் போனது என்று அவர்களே தேடட்டும். பால்பாரதி வெளியிடும் மாநிலப் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கிழிந்த புத்தகத்தோடு யாரும் இருக்க வேண்டியதில்லை.

மழை, பண்டிகை என்று பாதிப் பேர் வராத நாளில் என்ன நடத்துவது?

புதுப் பாடம் வேண்டாம். ஜூலையில் சந்தில் முட்டளவு தண்ணீர் நின்றால் மூன்று பேர்தான் வருவார்கள். அந்த மூன்று பேருக்கும் அது தங்க நாள், அவரவர் சந்தேகத்தை உட்கார்ந்து தீருங்கள். பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைக்கும்போது டியூஷன் வைக்காதீர்கள். அவர்கள் அங்கே இருக்க வேண்டியவர்கள்.

எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை நகரவே இல்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?

தப்பு உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. முதலில் கண்ணைப் பாருங்கள். போர்டில் எழுதியதைப் பிள்ளை பக்கத்து நோட்டிலிருந்து எழுதினால் கண்ணாடி தேவைப்படலாம், அப்படி இரண்டு பேரை சயான் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன். காது கேட்கிறதா, மதியம் சாப்பிட்டானா, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேளுங்கள். எழுத்து தொடர்ந்து தலைகீழாக வந்தால், வாசிப்பு மட்டும் வருடக் கணக்கில் வராமலிருந்தால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால் போர்டு பரிட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகை உண்டு. பெற்றோரிடம் இதைப் பக்குவமாக, தனியாக, பிள்ளை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் தடித்த நோட்டில் அந்தப் பிள்ளையின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் நகரவில்லை என்று நினைத்திருந்த ஒரு பையனின் ஜூன் மாதப் பக்கத்தில் "வாசிக்கச் சொன்னால் அழுகிறான்" என்று எழுதியிருந்தேன். நவம்பரில் அவன் தடவித் தடவி அரைப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தான். அழவில்லை.